நுணுக்குக்காட்டியின் நெற்றி

அட்டன்
8.10.1961

அன்புத் தங்கை நாகலெட்சுமிக்கு அண்ணன் கந்தப்பன் எழுதுவது.

நமது வித்தியாலயத்தின் நுணுக்குக்காட்டியை அதன் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதென்று பெற்றார் ஆசிரியர் சங்கம் நேற்று ஏகமனதாகத் தீர்மானித்தது. மலைநாட்டுக் கல்வியின் வரலாற்றைப் பிற்காலத்தில் எழுதுபவர்கள் இந்தத் திகதியைத் தேடக்கூடும் என்பதால், கூட்டக் குறிப்பில் அதைச் சிவப்பு மையால் எழுதச் சொன்னேன்.

தீர்மானம் இலேசில் வரவில்லை. அந்த மைக்கிரஸ்கோப் நமக்கு வந்து நாலு வருடமாகிறது. இதுவரை எந்த மாணவனும் அதற்குச் சேதம் விளைவித்ததில்லை. எந்த மாணவனும் அதைப் பார்த்ததுமில்லை. இந்த நல்ல பெயரை ஏன் கெடுக்க வேண்டும் என்று சங்கப் பொருளாளர் பைஸர் முதலாளி கேட்டது நியாயமாகவே பட்டது. ஆனால் விஞ்ஞான ஆசிரியர் முத்துலிங்கம் மாஸ்டர், சோதனைப் பாடத்திட்டத்தில் 'மாணவர் அவதானிப்பர்' என்று அச்சடித்திருப்பதைக் காட்டினார். அச்சில் இருப்பதை என்ன செய்வது? தலைமையாசிரியர் என்ற முறையில் ஒரு நிபந்தனை மட்டும் நான் சேர்த்தேன். மாணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும். பெட்டி வீணாகாமல் என் அறைக்கு வருகிறது. சுண்ணக்கட்டிகளை அதில் வைக்கலாம்.

விஞ்ஞான வகுப்பில் பதினொரு பேர். பத்துப் பேர் நகரத்துப் பிள்ளைகள். மற்றவள் பேச்சியம்மா. நோட்டன் பிரிட்ஜ் பாதையில் உள்ள தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவுத் தொழிலாளர் லயத்திலிருந்து நடந்து வருகிறாள். அவள் வயதுப் பெண்கள் எல்லாம் கொழுந்து எடுக்கப் பேர் பதிந்துவிட்டார்கள். மகள் விஞ்ஞானம் படிக்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காக அவள் தகப்பன் அழகன் இன்னும் பதியாமல் வைத்திருக்கிறான்.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் தினமும் இக்கருவியில் கண் வைப்பவள் நீ. ஏதும் ஆலோசனை இருந்தால் எழுது. உன் அண்ணிக்கு இருமல் பரவாயில்லை. உன் சுகத்துக்கு எழுது.

அண்ணன்
கந்தப்பன்

*

கண்டி
15.10.1961

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். அண்ணியின் இருமலுக்கு மருந்து சொல்லலாம், ஆனால் மழையில் துணி துவைப்பதை அண்ணி நிறுத்தமாட்டார் என்பதால் சொல்லவில்லை.

நுணுக்குக்காட்டி வெளியே வந்த செய்தி மகிழ்ச்சி. ஆலோசனை கேட்டீர்கள். வேலை இல்லாத நேரத்தில் துணி போட்டு மூடுங்கள். கண்ணாடிகளில் எதுவும் படக்கூடாது, விரல்கூட. அவ்வளவுதான்.

இன்னொன்று. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பது யார் கண்டுபிடித்த முறை? நான் வேலையில் சேர்ந்த அன்று எங்கள் டொக்டர் செய்த முதல் காரியம், என் கையைப் பிடித்துத் திருகாணியின் மேல் வைத்ததுதான். கை திருகாமல் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

அண்ணிக்கும் என் அன்பு.

தங்கை
நாகலெட்சுமி

*

அட்டன்
22.10.1961

அன்புத் தங்கைக்கு,

இங்கு யாவரும் சுகம். வட்டவளைப் பக்கம் மண் சரிந்து ரயில் நின்றதால் உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. ஆலோசனைகளை அடுத்த கூட்டத்தில் சமர்ப்பிப்பேன்.

சரஸ்வதி பூசை சிறப்பாக நடந்தது. இம்முறை புத்தகங்களோடு பாடசாலையின் எல்லாக் கருவிகளையும் பூசையில் வைத்தோம். என் கையாலேயே ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். நெற்றியில் வைப்பதுதானே முறை? ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் நெற்றி எதுவென்று ஆராய வேண்டியிருந்தது. தையல் இயந்திரத்தில் சிரமமில்லை. தராசில் சிறிது தயக்கம். பூகோள உருண்டையின் நெற்றி குறித்து ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்து, வடதுருவம் என்று முடிவாயிற்று. நுணுக்குக்காட்டிக்கு அந்தச் சிக்கலே வரவில்லை.

தச்சு வகுப்பு ஹுசைன் மாஸ்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சீவுளியை எடுத்தபோது, "பொட்டு வைங்க சார், ஒன்னும் சொல்ல மாட்டேன். அலகுல மட்டும் வச்சிராதீங்க. அப்புறம் சீவாது" என்றார். அவர் மனம் நோகக்கூடாதென்று கட்டையில் வைத்தேன்.

உன் அண்ணி அவல் அனுப்பச் சொன்னாள். ரயில் ஓடட்டும்.

அண்ணன்
கந்தப்பன்

*

அட்டன்
30.11.1961

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். அவல் கிடைத்ததா? பதில் இல்லையே.

ஆண்டிறுதிச் சோதனை முடிந்தது. பைஸர் முதலாளி நன்கொடையாகத் தந்த பம்பாய் வெங்காயத்தின் தோலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நுணுக்குக்காட்டியில் பார்த்து, கண்டதை வரைய வேண்டும் என்பது வினா. முத்துலிங்கம் மாஸ்டர் முதலில் பார்த்துத் திருப்தி தெரிவித்தார். பிறகு நான் பார்த்தேன். கண் சிறிது கூசியது. நானும் திருப்தி தெரிவித்தேன்.

பத்துப் பேர் மிகத் திறமையாக வரைந்திருந்தார்கள். செங்கல் சுவர்போல் வரிசையாகக் கலங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கரு. பாடசாலைப் புத்தகத்தில் உள்ள படத்துக்கும் இவர்களுடைய படங்களுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசமில்லை. அந்தப் படத்தின் வலது மூலையில் இருக்கும் கறுப்புப் புள்ளியைக்கூட ஒருவரும் விடவில்லை. விஞ்ஞானத்தின் பெருமையே இதுதான். யார் பார்த்தாலும் ஒன்றுபோலத் தெரிகிறது.

பேச்சியம்மா ஒருத்திதான் ஏமாற்றிவிட்டாள். ஒரு படத்துக்குப் பதிலாக இரண்டு வரைந்திருக்கிறாள். இரண்டும் வெறும் வட்டம். உள்ளே பென்சிலால் மூட்டம்போட்டு, 'எல்லாம் மஞ்சள்' என்று எழுதியிருக்கிறாள். முதல் படத்தில் இடதுபக்கம் 'இங்கே சிவப்பு'. இரண்டாவதில் வலதுபக்கம் 'இப்போது இங்கே சிவப்பு'.

முத்துலிங்கம் மாஸ்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கோபிக்கத் தெரியாதவர். அவளைக் கூப்பிட்டு, "இது என்ன பிள்ளை?" என்று கேட்டார்.

"வெங்காயம் சார்."

"வெங்காயம் இப்பிடியோ இருக்கும்?"

"தெரியாது சார். உள்ள இப்படித்தான் இருந்துச்சு."

"மற்றப் பிள்ளையளுக்கு எல்லாம் வடிவாத் தெரிஞ்சிருக்கு. உமக்கு மட்டும் ஏன் தெரியேல்லை?"

"அவங்களுக்கு நல்ல கண்ணு சார்."

சிவப்பு எப்படி இடம் மாறியது என்று நான் கேட்டேன். கண் வைக்கும் குழாயைத் திருகினால் அது நகருகிறது என்றாள். அதாவது கையை அவிழ்த்துக் கருவியைத் தொட்டிருக்கிறாள். தன் வாயாலேயே சொன்னாள். ஆகவே சைபர். ஜனவரியில் விஞ்ஞானத்திலிருந்து தையல் வகுப்புக்கு மாற்றியிருக்கிறேன். தையலும் கைத்தொழில்தானே. கைக்கு வேலை கிடைக்கும்.

அழகன் வந்தான். "தையலுன்னா லயத்துலயே கத்துக்கலாங்க ஐயா. வர்ற மாசம் பேரு பதிஞ்சிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். தகப்பன் விருப்பத்தில் நாம் தலையிட முடியாது.

அவளுடைய படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆய்வுகூடத்தில் உள்ளவர்களுக்குக் காட்டு. வேலைக் களைப்பில் சிறிது சிரிக்கலாம்.

அண்ணன்
கந்தப்பன்

*

கண்டி
5.12.1961

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறேன். அவல் கிடைத்தது. மழைக்குப் பிறகு காய்ச்சல்காரர்கள் கூடிவிட்டதால் எழுத முடியவில்லை.

படத்தைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. யாருக்கும் காட்டவுமில்லை.

சனிக்கிழமை வேலை முடிந்ததும், எங்களிடம் கழித்துப்போட்டிருக்கும் ஒரு பழைய நுணுக்குக்காட்டியை எடுத்தேன். கண் வைக்கும் கண்ணாடியில் சிறிது சந்தனம் தடவி, நடுவிலிருந்து சற்றுத் தள்ளிக் கொஞ்சம் குங்குமம் வைத்துக் காயவிட்டேன். பிறகு வெங்காயத் தோலை வைத்துப் பார்த்தேன். எல்லாம் மஞ்சள். ஒரு பக்கம் சிவப்பு. கண் வைக்கும் குழாயைத் திருகினேன். சிவப்பும் கூடவே சுற்றி மறுபக்கம் போயிற்று. கண்டதை வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எங்கள் வேலையில் கண்ணாடி அழுக்கா, தகட்டில் அழுக்கா என்று சந்தேகம் வந்தால் குழாயைத் திருகிப் பார்க்கச் சொல்வார்கள். அழுக்கு கூடச் சுற்றினால் அது கண்ணாடியில் இருக்கிறது. எனக்கு இதை ஒருவர் சொல்லித் தந்தார். அவளுக்குச் சொல்லித் தந்தது யார்?

அந்தப் புத்தகம் என்னிடமும் இருக்கிறது. அதில் அந்தப் படத்தின் மூலையில் கறுப்புப் புள்ளி கிடையாது. உங்கள் பாடசாலைப் பிரதியில் பேனா சிந்தியிருக்கும். வெங்காயத்துக்குள் அந்தப் புள்ளியைக் கண்ட பத்துப் பிள்ளைகளுக்கும் என் வாழ்த்து.

ஒரே ஒரு கேள்வி. நுணுக்குக்காட்டிக்கு நெற்றி எதுவென்று நீங்கள் எழுதவில்லை.

பேர் பதிய முன் ஏதாவது செய்யுங்கள்.

தங்கை
நாகலெட்சுமி

*

கண்டி
9.1.1962

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் சுகமும் அண்ணி சுகமும் தெரியவில்லை. ரயில் ஓடுகிறது. அட்டனிலிருந்து வந்த நோயாளி ஒருவர், பெரிய வாத்தியார் நல்ல சுகத்தோடு சந்தைக்கு வந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். அதனால் கடிதம் காணாமற்போயிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். படத்தின் இன்னொரு பிரதியை வைத்திருக்கிறேன். எனக்கு வரைவதில் சிரமமில்லை.

பொங்கலுக்கு வர லீவு இல்லை.

பாடசாலை தொடங்கியிருக்குமே. அந்தப் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறாள்?

நாகலெட்சுமி

*

அட்டன்
29.1.1962

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. டிசம்பரில் விடுமுறை. ஜனவரியில் உறைபனி. உன் அண்ணி இருமினாள். நானும் இருமினேன். பதில் எழுதத் தாமதமானதற்கு இவை காரணங்கள்.

விடுமுறையில் ஒரு நாள் பாடசாலை அறையைத் திறந்து காற்றாட விட்டேன். அப்படியே நுணுக்குக்காட்டியின் குழாயும் சீராகச் சுழல்கிறதா என்று சரிபார்த்தேன். சீராகச் சுழல்கிறது.

உடல்நலத்துக்காக நடக்க வேண்டுமென்று டொக்டர் சொல்லியிருந்தார். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. ஆகவே போன வாரம் நோட்டன் பாதையில் நடந்து, ஏற்றத்தில் ஏறிப்போனால் அந்தத் தோட்டத்து மேல்பிரிவு லயம் வந்துவிட்டது. அழகன் வீடு அங்கேதான். தேத்தண்ணி கொடுத்தார்கள். பேச்சியம்மா இல்லை. கொழுந்து மலையில் என்றார்கள். பொங்கல் கழிந்ததும் பேர் பதிந்தாகிவிட்டது.

பிள்ளையை மறுபடி அனுப்பும்படி கேட்டேன். "தையலுக்குங்களா ஐயா?" என்றார் அழகன். இல்லை, விஞ்ஞானத்துக்கு என்றேன்.

"சைபருன்னு சொன்னீங்களே."

அன்று காலநிலை சரியில்லை, மூட்டமாக இருந்தது, அதனால் கருவியில் சரியாகத் தெரியவில்லை என்று விளக்கினேன். அவர் வெளியே பார்த்தார். ஒன்றும் தெரியாத அளவுக்கு மூடுபனி.

"எங்களுக்கு வருசம் பூரா இப்படித்தாங்க ஐயா. அதுக்காகக் கொழுந்து குறைஞ்சா யாரும் விடுறாங்களா?"

பிள்ளையை அனுப்புவதாகச் சொன்னார். ஆனால் பதிந்த பேரை வெட்டச் சொல்லிக் கணக்கப்பிள்ளையிடம் தான் போய் நிற்க முடியாது என்றார். "பதியச் சொல்லிக் கெஞ்சினது நானு. வெட்டச் சொல்லியும் நானே போனா என்னை மனுசனா மதிப்பாங்களா? நீங்கதானே சைபர் போட்டீங்க, நீங்களே வந்து சொல்லுங்க."

மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்குப் போனேன். வேலைக்குப் போகுமுன் ஆட்கள் வரிசையாக நிற்கும் இடம். நான் இதுவரை அங்கே போனதில்லை. தோட்டத்து மக்கள் முழுவதும் ஒரே இடத்தில் கூடியிருந்தது, கல்வியின் அவசியத்தைப் பற்றி உரையாற்ற நல்ல வாய்ப்பாக அமைந்தது. கணக்கப்பிள்ளை உரையைப் பாதியில் நிறுத்தி, "சரிங்க சார், இப்ப என்ன, பேரை வெட்டணுமா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "அதை முதல்லயே சொல்லியிருந்தா இவங்க மலைக்கு ஏறியிருப்பாங்க" என்றார். கூடைகளோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். பேச்சியம்மாவும் அந்த வரிசையில் நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. கூடையைக் கழற்றிப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள்.

திங்கட்கிழமையிலிருந்து அவள் விஞ்ஞான வகுப்பில். அன்றே நுணுக்குக்காட்டிக்குப் பருவகாலப் பராமரிப்பும் செய்யப்பட்டது. வேறு விசேஷமில்லை.

அண்ணன்
கந்தப்பன்

*

மேல்பிரிவு லயம்
11.2.1962

மதிப்புக்குரிய நாகலெட்சுமி அக்கா அவர்களுக்குப் பேச்சியம்மா வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இங்கே அப்பா, அம்மா, தம்பி, நான் எல்லோரும் நலம்.

நீங்கள் வரைந்த படத்தைப் பெரிய சார் எனக்குக் கொடுத்தார்கள். உங்கள் முகவரியும் அதிலேயே இருந்தது. நீங்களும் இரண்டு வட்டம் போட்டிருந்ததைப் பார்த்து எனக்குத் தைரியம் வந்தது. நான் பார்த்தது பொய்யோ என்று கொழுந்து எடுக்கும்போது நினைத்துக்கொண்டே இருந்தேன். அம்மா, உனக்குக் கண்ணில் கோளாறு, அட்டன் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் திரும்பி வந்த திங்கட்கிழமை வகுப்பில் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெரிய சார் வந்து, எல்லாரும் பார்க்க என்னைக் குழாயைத் திருகச் சொன்னார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றேன். "அவிழ்த்துடு" என்றார்கள். திருகினேன். பெரிய சார் குனிந்து பார்த்தார்கள். சிவப்பு சுற்றியது. முத்துலிங்கம் சாரும் பார்த்து, "ஓம், சுத்துது" என்றார்கள். பிறகு பெரிய சார் சால்வை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார்கள். துடைத்துவிட்டு விரலை மூக்கருகில் வைத்து மோந்து பார்த்தார்கள். அந்த விரலால் தன் நெற்றியில் ஒரு தடவை தொட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு எல்லாரும் வெங்காயத்தைப் பார்த்தோம். பொன்னையா முதல் ஆளாகப் பார்த்துவிட்டு, "டேய், இதுக்குள்ள நெசமாவே வெங்காயம் இருக்குடா" என்று கத்தினான். போன சோதனையில் நூறு எடுத்தவன் அவன்தான்.

நான் பார்த்தபோது உருண்டையாகக் கறுப்பு வளையம் ஒன்று தெரிந்தது. புத்தகத்தில் இல்லை. முத்துலிங்கம் சார், "எனக்கும் தெரியேல்லை பிள்ளை, பாத்துச் சொல்லுறன்" என்றார்கள். அடுத்த நாள் வந்து அது காற்றுக்குமிழி என்று சொன்னார்கள். தகட்டை மூடும்போது சாய்த்து மூடினால் வராது என்று சொன்னார்கள். நான் சாய்த்து மூடினேன். வரவில்லை.

உங்கள் ஆய்வுகூடத்தில் வேலை செய்ய என்ன படிக்க வேண்டும்? நேரமிருந்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
அ. பேச்சியம்மா

*

கண்டி
18.2.1962

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். நீங்கள் இருவரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம்.

இத்துடன் இரண்டு பொட்டலம். பெரியது அண்ணியின் இருமலுக்கு. சிறியது கண்ணாடி துடைக்கும் மெல்லிய தாள். சால்வை வேண்டாம், கீறல் விழும்.

பேச்சியம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். என்ன படிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். கொஞ்சம் நீளமான பதில்.

உங்களிடம் கேட்க எதுவும் இல்லை.

தங்கை
நாகலெட்சுமி

*

அட்டன்
10.10.1962

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். இருமல் இருவருக்கும் போய்விட்டது. தாள் தீர்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் அனுப்பு.

பெற்றார் ஆசிரியர் சங்கம் இவ்வருடம் மூன்று தீர்மானங்கள் நிறைவேற்றியது. கைகளைப் பின்னால் கட்டும் விதி, குளிர்காலத்தில் மாணவர் விரல்கள் விறைத்துப்போவதை முன்னிட்டு நீக்கப்பட்டது. பழைய பெட்டியில் சுண்ணத்தூள் படிந்துவிட்டதால், நுணுக்குக்காட்டிக்குப் புதுப் பெட்டி செய்வதென்று முடிவாயிற்று. தச்சு வகுப்புப் பிள்ளைகள் ஹுசைன் மாஸ்டர் மேற்பார்வையில் செய்தார்கள். அளவெடுக்க விஞ்ஞான வகுப்புக்கு வந்தவர்கள், அங்கே ஒரு மரச்சீவலை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக மறுத்தார்கள். ஆகவே இனித் தச்சு வகுப்புக்கும் வாரம் ஒரு பாடம் விஞ்ஞான அறையில். இது மூன்றாவது தீர்மானம். பைஸர் முதலாளி மட்டும், பெட்டிக்குப் பூட்டு உண்டா என்று கேட்டார். ஹுசைன் மாஸ்டர், "பூட்டு போட மறந்துட்டோம் முதலாளி. இப்ப வெட்டினா மரம் வெடிச்சிரும்" என்றார். அவர் எதையும் மறப்பவரல்ல.

முந்தாநாள் விஜயதசமி. சந்தனமும் குங்குமமும் பெட்டிக்கு வைக்கப்பட்டன. பெட்டியின் மூடியில், முன்பக்கத்தில், அதற்கென்றே ஹுசைன் மாஸ்டர் ஒரு வட்டம் குடைந்து வைத்திருக்கிறார். நெற்றி எதுவென்ற ஆராய்ச்சிக்கு இடமில்லை.

பூசை முடிந்ததும் பேச்சியம்மாதான் பெட்டியைத் திறந்தாள். கடைகளில் பம்பாய் வெங்காயம் இல்லை. அவள் லயத்திலிருந்து கொண்டுவந்த கொழுந்தின் அடித்தோலைச் சவரத்தகட்டால் உரித்து வைத்தாள். புத்தகத்தில் தேயிலைக்குப் படம் இல்லை. அழகன் அன்று பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருந்தார். பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவு நாளா கையில வச்சிருந்தேன், இதெல்லாம் எங்க இருந்துச்சு?" என்றார். டிசம்பரில் அவள் சாதாரண தரச் சோதனைக்கு அமர்கிறாள். விண்ணப்பம் போய்விட்டது.

பதினொரு பேரும் வரைந்தார்கள். பதினொரு படமும் பதினொரு விதமாக இருக்கின்றன. விடைத்தாள் திருத்துவதற்காக முத்துலிங்கம் மாஸ்டர் இப்போது ஞாயிற்றுக்கிழமையும் பாடசாலைக்கு வருகிறார்.

அண்ணன்
கந்தப்பன்